லாரி விபத்து: ஒரே பாலிசி, ஐந்து கணக்கு

“வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?”

லாரி விபத்து என்றதும் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். “இருக்கு” என்று பதில் வந்தால் பாதி நிம்மதி. பாலிசி கையில் இருக்கிறது, பணம் வந்துவிடும் என்ற நினைப்பு.

பணம் வருமா வராதா என்பது வேறு மூன்று கேள்விகளில் இருக்கிறது. அடிபட்டவர் அந்த வண்டிக்கு யார்? விபத்தின்போது எங்கே இருந்தார்? என்ன வேலையாக அங்கே இருந்தார்? பதில்கள் மாறினால், அதே வண்டி, அதே பாலிசி, அதே விபத்தில் ஒரு குடும்பத்துக்கு 40 லட்சம் கிடைக்கும், இன்னொரு குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போகும்.

நான் வக்கீல் இல்லை. பி.இ. முடித்துவிட்டு கோடு எழுதிப் பிழைப்பவன். சொந்த ஊர் சங்ககிரிப் பக்கம், லாரியை நம்பி வாழும் பூமி. அந்தப் பழக்கத்தில் லாரி பாலிசியையும் மோட்டார் வாகனச் சட்டத்தையும் சில உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் வரிசையாகப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். புரோகிராம் எழுதுபவன் கண்ணுக்கு ஒரு பாலிசி என்பது நீளமான ‘இஃப்–எல்ஸ்’ தொடர்தான். அதை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம் வாங்க.

ஒரு கற்பனை விபத்து

தொப்பூர் கணவாய் மாதிரி ஒரு இறக்கம். வெங்காய லோடு ஏற்றிய லாரி ஒன்று டிரைவரின் தவறால் கவிழ்கிறது. வேறு எந்த வண்டிக்கும் இதில் சம்பந்தம் இல்லை. ஐந்து பேர் இறக்கிறார்கள்:

1. சாலையோர டீக்கடைக்காரர்.
2. லாரி டிரைவர்.
3. கேபினில் உட்கார்ந்து வந்த வெங்காய வியாபாரி.
4. மூட்டை இறக்குவதற்காக வியாபாரி தன் செலவில் கூட்டிவந்த லோடுமேன்.
5. வழியில் காசு கொடுத்து லோடு மேல் ஏறிக்கொண்டவர்.

கணக்கு சுலபமாக இருக்க, ஐந்து பேருக்கும் வயது 30, மாத வருமானம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் வீட்டிலும் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. உயிருக்கு இப்படி விலை போடுவது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீர்ப்பாயத்தில் நடப்பது இதுதான்.

டீக்கடைக்காரர்

இவர்தான் சட்டம் முதலில் நினைத்துப் பார்த்த மனிதர். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் பொது இடத்தில் ஓடக்கூடாது என்கிறது. சரக்கு லாரிகளுக்கு இதற்கான அடிப்படை பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி, மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள லாரிக்கு வருஷம் 16,049 ரூபாய், 40,000 கிலோவுக்கு மேல் போனால் 44,242 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. இந்தப் பணத்துக்குப் பதிலாக, வெளியாளின் உயிருக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் எவ்வளவு போட்டாலும் கம்பெனி கட்ட வேண்டும். பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. வெளியாளின் சொத்துக்கு மட்டும் வரம்பு உண்டு. லாரிகளின் வழக்கமான பாலிசியில் அது 7.5 லட்சம்.

தீர்ப்பாயம் போடும் கணக்கு 2009, 2017 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்து வருகிறது. 40 வயதுக்குக் கீழே சுயதொழில் செய்பவர் என்பதால் வருமானத்தோடு 40 சதவீதம் சேர்க்க வேண்டும், ஆக மாதம் 28,000. வருஷத்துக்கு 3,36,000. நம்பியிருப்பவர்கள் நாலு பேர் என்பதால், அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிகிறது. மிச்சம் 2,52,000. 26 முதல் 30 வயது வரைக்கான பெருக்கல் எண் 17. மொத்தம் 42,84,000 ரூபாய். இறுதிச் சடங்கு, மனைவியின் இழப்பு போன்ற தலைப்புகளில் ஒரு சிறு தொகை தனி.

இங்கே ஒரு சின்னக் கேள்வி. வண்டி ஓடிக்கொண்டிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பா? 1987-ல் மகாராஷ்டிரத்தில், புனே–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரியோடு மோதிக் கவிழ்ந்தது. பெட்ரோல் கசிந்தது. ஊர்க்காரர்கள் கூடினார்கள். சுமார் நாலு மணி நேரம் கழித்து அது வெடித்துப் பலர் இறந்தார்கள். வண்டி அப்போது ஓடவில்லையே என்று வாதம் வந்தது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கவிழ்ந்து கிடந்ததும் வெடித்ததும் அந்த வண்டியின் ‘பயன்பாட்டால்’ விளைந்தவைதான் என்றது. சாலையில் நிற்கும் லாரியும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஓடும் லாரிதான்.

டிரைவர்

தவறு டிரைவருடையது. அதனால் அலட்சியத்தை அடிப்படையாகக் கொண்ட 166-வது பிரிவில் அவர் குடும்பம் போக முடியாது. தன் தவறுக்குத் தானே நஷ்டஈடு கேட்பது போல ஆகிவிடும். அவர்களுக்கு இருக்கும் வழி 1923-ஆம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். வேலையில் இருக்கும்போது இறந்தார் என்பதே அங்கே போதும், யார் தவறு என்று கேட்பதில்லை.

ஆனால் கணக்கு வேறு. அந்தச் சட்டத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் பாதி 7,500. 30 வயதுக்கான காரணி எண் 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். அதே வயது, அதே வருமானம், டீக்கடைக்காரருக்குக் கிடைத்ததில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

கிளீனர் இருந்திருந்தால் அவருக்கும் பெரும்பாலும் இதே கதைதான். டிரைவரின் அலட்சியத்தைக் காட்டி அவர் குடும்பம் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வழக்கமான பாலிசி வாசகப்படி, முதலாளியின் சொந்த ஊழியர்களுக்குக் கம்பெனி ஏற்கும் பொறுப்பு 1923 சட்டத்தின் தொகையோடு நின்றுவிடும். மீதி முதலாளி தலையில். தவறு எதிரே வந்த வண்டியுடையது என்றால், அந்த வண்டிக்கு இவர்கள் இருவருமே வெளியாட்கள். அப்போது 42 லட்சக் கணக்கு இவர்களுக்கும் பொருந்தும்.

முதலாளியே டிரைவராகவும் இருந்தால் இந்த வழிகளில் எதுவும் இல்லை. ‘ஓனர்–டிரைவர்’ தனிநபர் விபத்து காப்பீட்டின் 15 லட்சம் மட்டும் உண்டு. அதுவும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான்.

வெங்காய வியாபாரி

1994 நவம்பர் வரை இவர் நிலைமை தெளிவாக இல்லை. அந்த மாதம் அமலுக்கு வந்த திருத்தத்தில், 147-வது பிரிவில் ‘வண்டியில் வரும் சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி’ என்ற சொற்களைச் சேர்த்தார்கள். ஆக இவர் உள்ளே வருகிறார். டீக்கடைக்காரரின் அதே 42.84 லட்சம்.

ஆனால் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும். சரக்குக்குக் காவலாக லோடு மேல் உட்கார்ந்து வந்தவருக்கு இது பொருந்தாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேபினுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே இருப்பது நாலு அடி. பண விஷயத்தில் அது 42 லட்சம்.

லோடுமேன்

இவரை லாரி முதலாளி கூலிக்குப் பேசியிருந்தால், அவரும் லாரி முதலாளியின் ஊழியர். டிரைவருக்கான கணக்கு கிடைத்திருக்கும். இவரைக் கூட்டிவந்தது வியாபாரி. ஆகவே லாரிக்காரருக்கு இவர் ஊழியர் இல்லை. சரக்கும் இவருடையது இல்லை. சரக்கு உரிமையாளரின் வேலையாட்களுக்கு லாரியின் கட்டாய இன்சூரன்ஸ் பொருந்தாது என்று 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கம்பெனியிடமிருந்து பூஜ்யம்.

மூட்டை அதே மூட்டை, வேலை அதே வேலை. கூலியை யார் கொடுக்கிறார் என்பது மட்டும் மாறுகிறது.

லோடு மேல் ஏறியவர்

இவருடைய கதைதான் இதில் ரொம்பச் சிக்கலானது. 1999 கடைசியில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, 1988 சட்டத்தின்படி சரக்கு வண்டியில் போகும் பயணிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு என்று சொன்னது. மூன்று வருஷம் கழித்து, 2002 டிசம்பரில், மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று புரட்டிப் போட்டது. சரக்கு வண்டி ஆளை ஏற்றுவதற்கு இல்லை, அப்படி ஏறுபவருக்காக பிரீமியம் வாங்கப்படவும் இல்லை என்பது காரணம். 2019 திருத்தத்தில் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சரக்கு வண்டியில் இலவசமாகப் போகும் பயணி கட்டாய இன்சூரன்ஸில் கிடையாது.

காசு கொடுத்தோமே என்று கேட்கலாம். அதில் பெரிய லாபம் இல்லை. சரக்கு வண்டியைப் பயணிகளுக்காக ஓட்டியது பர்மிட் மீறல் என்று கம்பெனி அடுத்த ஆயுதத்தை எடுக்கும்.

அப்படியானால் இவருக்கு உரிமையே இல்லையா? இருக்கிறது. லாரி முதலாளி 42.84 லட்சம் தர வேண்டும் என்று தீர்ப்பு வரும். ஒரே ஒரு லாரி வைத்து, அதற்கும் டியூ கட்டிக்கொண்டிருப்பவரிடம் அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் என்ன செய்வது? கையில் தீர்ப்பு இருக்கும், பணம் இருக்காது.

இந்த இடத்தில்தான் ‘முதலில் கட்டு, பிறகு வசூலி’ என்ற ஏற்பாடு வருகிறது. கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் கோளாறு, பர்மிட் இல்லாமை போன்ற மீறல்களில் வெளியாளைக் காப்பாற்ற நீதிமன்றங்கள் இதை அதிகம் பயன்படுத்துகின்றன. சரக்கு வண்டியில் ஏறியவர்களுக்கும் 2004-ல் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு உத்தரவு போட்டது. ஆனால் இவர்கள் விஷயத்தில் இதை நிச்சயம் கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அந்தந்த வழக்கில், அந்தந்த நீதிமன்றம் காட்டும் வழி அது.

டிரெய்லர்: எஞ்சின் இல்லாத மோட்டார் வாகனம்

டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை, ஸ்டியரிங் இல்லை, தானாக ஒரு அடி நகராது. ஆனாலும் சட்டத்தின் 2(28) பிரிவு, ‘மோட்டார் வாகனம்’ என்பதில் டிரெய்லரும் அடங்கும் என்கிறது. மோட்டார் வாகனம் என்றால் தனியாகப் பதிவு வேண்டும், இன்சூரன்ஸும் வேண்டும். டிராக்டர் பாலிசி டிராக்டருக்கு மட்டும்தான். டிரெய்லரை அதில் சேர்த்து பிரீமியம் கட்டினால்தான் டிரெய்லர் உள்ளே வரும்.

ஒரு வேடிக்கை. டிராக்டர் லைசென்ஸ் வைத்திருப்பவர் டிரெய்லரை மாட்டி ஓட்டினால் லைசென்ஸ் செல்லுமா என்று 2001-ல் கேள்வி வந்தது. டிரெய்லரை மாட்டியதால் லைசென்ஸ் செல்லாமல் போய்விடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆக லைசென்ஸுக்கு அது ஒரு வண்டி, இன்சூரன்ஸுக்கு இரண்டு வண்டி.

2007-ல் வந்த வழக்கு ஒன்றில் இந்த இரட்டைக் கணக்கு ஒரு தொழிலாளியின் மேல் விழுந்தது. செங்கல் சூளைக்கு மண் எடுக்கப் போன டிராக்டரின் டிரெய்லரில் அவர் இருந்தார். விபத்தில் அடிபட்டார். டிராக்டருக்கு விவசாயப் பயன்பாட்டுக்கான இன்சூரன்ஸ் இருந்தது. டிரெய்லருக்கு இல்லை. சூளை வேலை விவசாயமும் இல்லை. கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றே உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் அவர் ஏழைத் தொழிலாளி என்பதைப் பார்த்து, அரசமைப்பின் 142-வது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தில், முதலில் கட்டி பிறகு வசூலிக்கச் சொன்னது. 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம். டெல்லி வரை போன ஒருவருக்குக் கிடைத்தது. மாவட்டத் தீர்ப்பாயத்தில் நிற்பவர் அதைக் கேட்டு வாங்க முடியாது.

பெரிய சரக்கு டிரெய்லர்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ‘செமி டிரெய்லர்’. அதன் எடையில் ஒரு பகுதி முன்னால் இழுக்கும் வண்டி மேல் உட்கார்ந்திருக்கும். பாலிசி அட்டவணையில் வண்டியின் மதிப்பு, டிரெய்லரின் மதிப்பு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். டிரெய்லர் கட்டம் காலியாக இருந்தால், கவிழ்ந்து நொறுங்கிய டிரெய்லருக்கு ரிப்பேர் காசு கேட்க முடியாது. முன்வண்டியை மாற்றி மாற்றி மாட்டுகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

வண்டியும் லோடும்

கம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் வண்டிச் சேதம் முழுக்க வந்துவிடும் என்பதும் சரியில்லை. கார் பாலிசிக்கும் லாரி பாலிசிக்கும் இங்கே ஒரு பெரிய வித்தியாசம். லாரியின் அடிப்படை பாலிசியில் விளக்குகள், டயர், மட்கார்டு, பானட், பம்பர், பெயின்ட் ஆகியவற்றுக்கு, வண்டி முழு நஷ்டம் ஆனாலொழிய, காசு இல்லை. விபத்தில் முதலில் அடிபடுவது இவைதானே! ‘ஐ.எம்.டி. 23’ என்ற இணைப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தால்தான் இவை உள்ளே வரும்.

அடுத்தது தேய்மானம். நாலு முதல் ஐந்து வருஷ வண்டிக்கு இரும்பு பாகங்களில் 35 சதவீதமும், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி ஆகியவற்றில் 50 சதவீதமும் கழிப்பார்கள். ஐ.டி.வி. எனப்படும் காப்பு மதிப்பும் அந்த வயதில் புது விலையில் பாதிக்கு வந்திருக்கும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம். கடன் பாக்கி இருந்தால் அந்தப் பணம் முதலில் ஃபைனான்ஸ்காரருக்குப் போகும். ஓவர்லோடால் வந்த சேதம் என்றால் கிடையாது. வண்டியை அப்புறப்படுத்தும் செலவுக்கு அடிப்படை பாலிசியில் 2,500 ரூபாய்தான். கவிழ்ந்த டிரெய்லரை நிமிர்த்த வரும் கிரேன்காரரிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள்!

சாலையில் கொட்டிய வெங்காயத்துக்கு? லாரி பாலிசியில் ஒன்றும் இல்லை. வண்டி ஏற்றிச் செல்லும் பொருளை அது காப்பதில்லை. சரக்குக்குத் தனி பாலிசி வேண்டும். கடலையே பார்க்காத லோடுக்கும் அதன் பெயர் ‘மரைன்’ இன்சூரன்ஸ்தான். அது இல்லாவிட்டால், 2007-ஆம் வருடச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி புக்கிங் செய்த டிரான்ஸ்போர்ட்காரரிடம் கேட்கலாம். ஆனால் கூடுதல் கட்டணத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யாவிட்டால், பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 20,000 ரூபாய் வாடகைக்குப் போன லோடு 10 லட்சம் பெறும் என்றாலும், கிடைப்பது அதிகபட்சம் 2 லட்சம்.

நடந்த பிறகு

சில தேதிகளும் தொகைகளும் நினைவில் இருக்கட்டும்.

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், 90 நாளில் விரிவான அறிக்கை. 2022 ஏப்ரல் முதல் இதுதான் விதி. அறிக்கையில் இறந்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார், யாருடைய ஆள் என்று என்ன எழுதப்படுகிறது என்பதைக் குடும்பத்தார் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஐந்து கணக்கும் அந்த ஒரு வரியில் இருந்துதான் பிரிகின்றன.

அதே தேதி முதல், இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடு சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் இருந்தாலும், கெடுவுக்குள் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

யார் தவறு என்று நிரூபிக்க முடியாதபோது 164-வது பிரிவு இருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். அடித்த வண்டியே தெரியவில்லை என்றால் அரசின் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. 2025 மே முதல் சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சையும் உண்டு.

வண்டி முதலாளிக்கு ஒன்று: கவிழ்ந்த இடத்திலிருந்து வண்டியை எடுக்கும் முன் கம்பெனிக்குச் சொல்லி, ‘ஸ்பாட் சர்வே’ வருமா என்று கேளுங்கள். போலீஸ் உடனே எடுக்கச் சொன்னால், நாலு பக்கமும் போட்டோ, வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும் முன்

ஐந்து பேரையும் திரும்ப வரிசையாகப் பாருங்கள். சாலையில் நின்றவருக்கும் சரக்கின் சொந்தக்காரருக்கும் 42.84 லட்சம். வண்டி ஓட்டியவருக்கு 15.6 லட்சம். மூட்டை தூக்கியவருக்கும் மூட்டை மேல் உட்கார்ந்தவருக்கும் கம்பெனியிடமிருந்து எதுவும் இல்லை. தோட்ட வேலைக்கு டிரெய்லரில் போகும் பெண்களும், சூளைக்குப் போகும் ஆட்களும், காதுகுத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் குட்டியானையில் நின்றபடி போகும் மொத்தக் குடும்பமும் கடைசி வரிசையில்தான் இருக்கிறார்கள்.

வாடகை வேன் அல்லது மினி பஸ்ஸில் அனுமதிக்கப்பட்ட சீட்டில் உட்காரும் பயணிக்குச் சட்டப்படியே இன்சூரன்ஸ் உண்டு. அதற்கான பிரீமியத்தை வேன்காரர் கட்டியிருக்கிறார். வேன் வாடகை கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த முறை ஊரில் யாராவது “வேன் எதுக்கு, குட்டியானை போதும், செலவு கம்மி” என்று சொன்னால், அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். பின்னால் நிற்கும் இருபது பேரின் பெயர் எந்தப் பாலிசியிலும் இல்லை.